அசையாத சுடருக்கான கதவு

1

இந்தக் கதை எதிர்வீட்டிலிருந்து வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. கெரோல்ட் தாமன் வாசற்கதவு மாற்றப்போகும் செய்தியை எங்கள் தெருவில் யாருமே கேட்டு வாங்கவில்லை. அவரே வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வடகடலிலிருந்து கிளம்பிய நவம்பர்க் காற்று, பழைய கதவின் இடுக்கில், கைவிடப்பட்ட ஒரு மனிதனின் மூச்சைப் போல—’

வேண்டாம். காற்று காற்றைப் போலத்தான் வந்தது.

2

கெரோல்ட் நகராட்சிக் கட்டடப் பிரிவில் துணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர்தான் ஓய்வுபெற்றார், அவருக்குள் இருக்கும் துணை இயக்குநர் இன்னும் பணியில் இருக்கிறார். ஒரு குளிர்காலம் முழுக்கக் கதவுகளை ஆராய்ந்தார். வெப்பம் கடத்தும் அளவு புள்ளி எட்டைத் தாண்டக்கூடாது. விளிம்பில் மூன்று அடுக்கு ரப்பர், நடுவில் கெட்டி நுரை. ரொட்டிக்கடை வரிசையில் நிற்பவர்களுக்குக்கூடப் புள்ளி எட்டு மனப்பாடமாகிவிட்டது.

“புள்ளி எட்டு, புள்ளி எட்டுன்னு உயிரெடுக்கறியே, காலையில எந்திரிச்சதும் எல்லா ஜன்னலையும் அகலத் தொறந்து வீட்டைக் குளிரவெக்கறது யாரு?” என்றாள் அவர் மனைவி வீப்கே.

“அது காத்தோட்டம். இது கசிவு. ரெண்டும் வேற.”

(இந்த ஊரில் பனி கொட்டினாலும் காலையில் சன்னல் திறந்தாக வேண்டும். திறக்காத வீட்டைப் பற்றி யாரும் நல்லவிதமாகப் பேசமாட்டார்கள். நானும் திறக்கிறேன்.)

3

இனி ஹென்னிங்கைச் சொல்லாமல் தள்ளிப்போட முடியாது. அவர்களுடைய ஒரே மகன். கட்டடக்கலைப் படிப்பை விட்டுவிட்டுக் கப்பல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தான். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் கெரோல்ட், “இந்த வீட்டுல இருக்கணும்னா—” என்றார்.

இதைப் பாதியில் விட்டது நானல்ல. அவர் முடிப்பதற்குள் ஹென்னிங் வெளியேறி வாசற்கதவை அறைந்து சாத்தினான். அதன் கண்ணாடியில் விழுந்த விரிசல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை, பேசவில்லை.

“ஆனா சாவியைத் திருப்பி அனுப்பல பாருங்க,” என்பாள் வீப்கே என்னிடம்.

புதுக்கதவு வந்தால் அந்தச் சாவி வெறும் இரும்பு. அதனால்தான் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இங்கெல்லாம் பூட்டில் சாவி நுழையும் உருளையை மட்டும் கழற்றி வேறு கதவில் மாட்டலாம். “பழைய உருளையைத்தான் போடணும்.” கெரோல்ட் சரி என்றார்.

(இங்கே ஒரு குறியீடு வந்து நிற்கிறது: மூடிய வீடு, மூடிய மனம். வாசலிலேயே நிற்கட்டும்.)

4

கதவு மாட்ட வந்த ஓக்கோ தலையைச் சொறிந்தான். “சார், கதவு ரொம்பத் தடி. இந்த உருளை உள்ளேயே முங்கிப்போகும், சாவி எட்டாது.”

எல்லாவற்றையும் கணக்குப் போட்டவர் இதைப் போடவில்லை. வேண்டுமென்றே போடவில்லையோ? அவரைக் கொஞ்சம் கல்நெஞ்சராக எழுதினால் கதைக்கு வசதி. எழுதியும் பார்த்தேன். அப்போதுதான் கதவுக்கடையில் நடந்ததை வீப்கே சொன்னாள். எண்களையெல்லாம் கேட்டு முடித்தபின் கெரோல்ட் விற்பனையாளரிடம் குரலைத் தாழ்த்தி, “இதை அறைஞ்சு சாத்த முடியுமா?” என்றாராம்.

“முடியாது சார். என்ன கோவத்துல தள்ளினாலும் மெதுவாத்தான் மூடும்.”

“அப்ப இதையே குடுங்க.”

அதன்பிறகு புள்ளி எட்டைக் கேலிசெய்ய எனக்கு வாய் வரவில்லை.

5

ஓக்கோ இரண்டு வழி சொன்னான். “புது உருளை வண்டியில இருக்கு, இப்பவே மாட்டிடலாம். இல்ல, பழைய சாவிக்கே நீளமா ஒண்ணு செஞ்சு வரணும்னா சில வாரம் ஆகும். அதுவரைக்கும் பூட்டு எடத்துல வெறும் ஓட்டைதான் இருக்கும். உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுப் பின்வாசல் வழியா நடமாடுங்க.”

சிக்கல் என்னவென்றால், வெள்ளிக்கிழமை பிற்பகல் தெருவையே அழைத்திருந்தார் கெரோல்ட். வெண்ணெய்க் கேக், காப்பி, பிறகு செய்முறை விளக்கம்: மூடிய கதவருகே மெழுகுவர்த்தியைப் பிடிப்பார், சுடர் அசையாது.

“காத்து வருமே,” என்றார் கெரோல்ட்.

“வரட்டும்,” என்றாள் வீப்கே.

முடிவு ஒன்று: அந்த நேரம் பார்த்து ஹென்னிங் வந்து— கிழித்துவிட்டேன். அவன் கப்பலில் இருக்கிறான்.

முடிவு இரண்டு: கெரோல்ட் மனம் திருந்தி உரையாற்றுகிறார். அவர் உரையாற்றினால் கேக் காய்ந்துவிடும்.

6

ஆகவே வெள்ளிக்கிழமை. காப்பிக் கோப்பையும் கையுமாகத் தெருவே அந்த நடையில் நிற்கிறது. புது உருளையா, பழைய சாவிக்காக ஓட்டையா, கெரோல்ட் ஓக்கோவிடம் என்ன சொன்னார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பூட்டு இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு வீப்கே நிற்கிறாள். “கொஞ்சம் தள்ளிக்கோ,” என்று அவளிடம் மெல்லச் சொல்லிவிட்டு, கெரோல்ட் தீக்குச்சியைக் கிழிக்கிறார்.

அவள் தள்ளிக்கொள்கிறாள்.

சுடரை உங்கள் கையில் தருகிறேன். அசைந்தால், தயவுசெய்து, யாரும் சிரிக்காதீர்கள்.