இடது சக்கரத்துக் காட்டர் பின்

துணியை இயந்திரத்துக்குள் போடுமுன் பைகளை ஒரு முறை துழாவிவிடுவது என் வழக்கம். நாங்கள் விடுதிகளுக்குச் சலவை செய்து கொடுப்பவர்கள். படுக்கை விரிப்புக்குப் பை கிடையாது. ஆனால் சமையல்காரர்களின் சட்டைப் பைகளில் என்னென்னவோ வரும். ஒருமுறை ஒரு பல்செட்டே வந்தது. கேட்டு வரத்தான் ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை என்னுடைய ஏப்ரனையே துவைக்கப் போட எடுத்தேன். பையில் கையை விட்டால், விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. புத்தம் புதிது. இரண்டு காலும் ஒட்டியபடி, மடக்கப்படாமல் இருந்தது.

மகள் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அந்தக் கம்பிக்குக் காட்டர் பின் என்று பெயர். மனுஷனுக்கு இடுப்பு மூட்டு போல, வண்டியின் முன் சக்கரத்துக்கு பால் ஜாயின்ட். அதன் நட்டுக்குக் குறுக்கே இந்தப் பின்னைச் செருகி, காலைப் பிரித்து மடக்கிவிட வேண்டும். மடக்காவிட்டால் ஓட்டத்தில் நட்டு கழன்றுகொள்ளும். பிறகு சக்கரம் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். விடுதிகளுக்குப் போகிற சாலையோ பாதி தூரம் இறக்கம்.

முந்தின நாள் ஞாயிறு. இரண்டு பக்கத்து பால் ஜாயின்டையும் நாங்களே வாசலில் மாற்றினோம். வண்டி வேலையை வீட்டிலேயே பார்ப்பதில் என் கணவருக்கு ஒரு தனிப் பெருமை. எனக்கும் கொஞ்சம் உண்டு, பொய் சொல்வானேன். எங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. அவர் நட்டை இறுக்குவார். நான் டார்ச் பிடித்து, பின் போடும் துளை நேராக வந்ததும் "ஓட்டை தெரியுது" என்பேன். அவர் நிறுத்துவார். விரல் மெல்லியது என்பதால் நான்தான் பின்னைச் செருகி மடக்கி, "மடக்கியாச்சு" என்று குரல் கொடுப்பேன். தெருக்கோடி வரை கேட்கும் என்று மகள் கேலி செய்வாள். அதைக் கேட்காமல் அவர் சக்கரத்தைத் தொடமாட்டார்.

வலது பக்கம் அப்படித்தான் முடிந்தது. இடது பக்கத்துப் பழைய ஜாயின்ட் துருப்பிடித்து, ஒரு மணி நேரம் சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. ஒரு வழியாக அதைக் கழற்றிப் புதியதை ஏற்றி, அவர் நட்டைப் பாதி இறுக்கியபோது என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"எங்கண்ணன் மெக்கானிக் ஷெட்டுல விட்டிருந்தா இந்நேரம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம்."

"ஏன், மோதிரக் கையால குட்டுப்பட்டாத்தான் இந்த வண்டி ஓடுமோ?"

"அவனாவது செய்யத் தெரிஞ்சு செய்றான்."

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஸ்பானரைத் தரையில் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். நான் டார்ச்சை அணைத்துவிட்டு விரிப்புகளை மடிக்க உள்ளே போனேன். இடது பக்கத்துப் பின் என் ஏப்ரன் பையிலேயே தங்கிவிட்டது.

அவர் திரும்பி வந்தார். பால் ஜாயின்ட் வந்த பையில் பின் இல்லை. மிச்சத்தை நான் இறுக்கிப் பின்னையும் போட்டுவிட்டேன் என்று நினைத்துச் சக்கரத்தை மாட்டிவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். சக்கரம் மாட்டியிருந்தது. பின்னையும் அவரே போட்டிருப்பார் என்று நானும் நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் யார் முதலில் பேசினார்கள் என்று ஆகிவிடுமே! வீம்பு பிடித்த கழுதைகள் இரண்டு ஒரே வீட்டில்.

கையில் பின்னோடு ஓடினேன். அவர் மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இது இடது பக்கத்தோடது."

முந்தின நாள் மதியத்திலிருந்து நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ போட்டுட்டன்னுல்ல நினைச்சேன்!"

"நீங்க போட்டுட்டீங்கன்னு நான் நினைச்சேன்."

மகளைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கமாட்டாள். வண்டி ஓட்டும்போது நானே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவள் நான்தான். நல்ல பிள்ளையாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறாள். அன்றைக்கு மட்டும் அவள் என் பேச்சைக் கேட்காமல் இருந்தால் என்ன என்று அழுதேன்.

பைக்கில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. ஓட்டும்போது பேசமாட்டாளே. பேசுவது அவளா, அவள் போனை எடுத்த வேறு யாரோவா? அவரிடம் அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சாலையைப் பார்க்கவில்லை, சாலைக்குக் கீழே பள்ளத்தைத்தான் பார்த்தேன்.

இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வண்டி ஓரமாக நின்றது. ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் அண்ணனின் செருப்பு எனக்குத் தெரியாதா? மகள் பக்கத்தில் குந்தியிருந்தாள், முழுசாக.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் அசையாமல் இருந்தாள்.

"சக்கரத்துல கடகடன்னு சத்தம் வந்துச்சும்மா. அப்பதான் யோசிச்சேன். நேத்து உன் 'மடக்கியாச்சு' ஒரு தடவைதான் கேட்டுச்சு. ரெண்டு தடவை கேட்கணும்ல?"

"எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே, கண்ணு" என்றார் அவள் அப்பா.

"கூப்பிட்டா, யார் மேல தப்புன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கவே சாயங்காலம் ஆயிருக்கும். அதான் மாமாவைக் கூப்பிட்டேன். ஷெட்டு இங்கேர்ந்து அஞ்சு நிமிஷந்தானே."

அடியிலிருந்து அண்ணன் குரல் மட்டும் வந்தது. "நட்டு மூணு மரையிலதான் நின்னுட்டிருந்துச்சு, மாப்ள." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் நட்டை இறுக்கினான். மகள் டார்ச்சோடு குனிந்தாள்.

"ஓட்டை தெரியுது மாமா."

திரும்பிப் பார்க்காமலே கையை என் பக்கம் நீட்டினாள். வீட்டில் மூடிய கையை நான் இன்னும் திறந்திருக்கவில்லை. உள்ளங்கையில் பின்னின் அச்சு பதிந்திருந்தது. அதை வாங்கிச் செருகினாள். இடுக்கியால் காலைப் பிரித்து மடக்கினாள்.

"மடக்கியாச்சு!"

அது என் குரல், என் ராகம். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து எங்களுக்கு எதிரே நின்றாள்.

"அப்பா, கேட்டுச்சா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அம்மா, உனக்கு?"

நானும் ஆட்டினேன்.

"தலையை ஆட்டாதீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க."

அவளுடைய கீழுதடு அப்போதுதான் துடிக்கத் தொடங்கியது.

"கேட்டுச்சு" என்றோம், இரண்டு பேரும்.