ஹஃப்சா இறங்காத நிறுத்தம்

ஆதிஃபுக்கு ஒரு காது இல்லை என்று அமெரிக்க அரசாங்கம் எழுத்துபூர்வமாகத் தெரிவித்திருந்தது.

காது இருந்தது. பயண அனுமதிக்குக் கொடுத்த போட்டோவில்தான் இல்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் அவன் அந்த அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால், இத்தனை வருஷக் காத்திருப்பும் அன்றோடு காலி. அவர்கள் குடியிருந்த பிளானோ ஊர்த் தமிழர்கள் இந்த மாதிரி போட்டோவுக்காகக் கடைக்குப் போவதில்லை. கடைக்குப் போனால் அது ஒரு தோல்வி. வீட்டுச் சுவரில் வெள்ளை பெட்ஷீட்டை ஒட்டி, போனில் எடுத்து, ஆப்பில் வெட்டிக்கொள்வார்கள். ஹஃப்சாவின் படம் தேறிவிட்டது. ஆதிஃபின் படத்தில் பெட்ஷீட் சுருக்கத்தை அழிக்கப் போன ஆப், போகிற போக்கில் இடது காதையும் அழித்துவிட்டது. அவளுக்கு அனுமதி வந்தது, அவனுக்கு அறிவுரை வந்தது.

இருவருக்கும் எடுத்திருந்த வியன்னா டிக்கெட்டும் ஹோட்டலும் பணம் திரும்பாத வகை. "நீயாவது போய்ட்டு வா ஹஃப்சா," என்றான்.

"சரி மச்சான்."

அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் தனியாகக் கறிவேப்பிலை வாங்கப் போவதற்கே ஆயிரம் கேள்வி கேட்டவள், தனியாக ஐரோப்பாவுக்குப் போக ஒரே வார்த்தையில் சம்மதித்தாள். அந்த ஒரு வார்த்தைதான் ஆதிஃபின் பிரச்சினை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அவர்களுக்கு ரிதா என்று ஒரு பெண் பிறந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு ஹஃப்சா அழுதாள், பிறகு நிறுத்தினாள், பிறகு பேச்சையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டாள். சமைத்தாள், ஆபீஸ் வேலை பார்த்தாள், யாராவது ஜோக் சொன்னால் சரியான இடத்தில் சிரித்தாள். பழைய ஹஃப்சா எங்கே போனாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல ஊரைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுவாள் என்று அவன் உறுதியாக நம்பினான். மென்பொருள்காரன். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் எதுவும் சரியாகும் என்பது அவன் தொழிலின் அடிப்படை.

ஆகவே திட்டம் போட்டான். நாள்வாரியாக, மணிவாரியாக, நிறம் நிறமாக எக்செல் ஷீட். ஹலால் கடைகளுக்குப் பச்சை, தொழுகை நேரத்துக்கு நீலம், கழிப்பறைகளுக்கு மஞ்சள். அவள் போன் இருக்கும் இடம் அவன் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும்படி செய்தும் வைத்தான்.

ஹஃப்சா விமானம் ஏறிய மறுநாள், மளிகைப் பையோடு வந்த ஆதிஃபைப் பக்கத்து வீட்டு கிரீஷ் வழியில் மடக்கினான்.

"என்ன பாய், தங்கச்சிய சோலோ ட்ரிப் அனுப்பிட்டியாமே! வீட்ல பேச்சிலர் பார்ட்டியா?"

"ஆமா. நேத்து ரசம் வெச்சேன். செம பார்ட்டி."

"என் பொண்டாட்டி ரக்ஷாவும் போகணும்ங்கறா. செல்ஃப் டிஸ்கவரியாம். நான் சொன்னேன், மொதல்ல ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கறத டிஸ்கவர் பண்ணுன்னு." கிரீஷ் சிரித்தான். பிறகு குரலை இறக்கி, "நல்லா இருக்காங்கல்ல?" என்றான்.

"சூப்பரா இருக்கா," என்றான் ஆதிஃப், போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே.

முதல் நாள் அவள் பெரிய தேவாலயத்துக்குப் போனாள். படங்கள் வந்தன. கோபுரம், கூரை, குதிரை வண்டி, குதிரையின் பின்புறம். எதிலும் அவள் இல்லை.

"நீ இல்லாத போட்டோ கூகுள்லயே இருக்கே புள்ள. செல்ஃபி அனுப்பு."

பத்து நிமிஷம் கழித்து ஒரு செல்ஃபி வந்தது. அரை நெற்றி, தலைத்துணி, பின்னால் வானம். அதை அவன் குடும்ப குரூப்பில் போட்டான். கடையநல்லூரிலிருந்து அவன் உம்மாவின் குரல் பதிவு உடனே வந்து விழுந்தது. "ஏம்ப்பா, பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்பிட்டு நீ அங்க என்னத்தப் புடுங்குற? அவ மூஞ்சி ஏன் வாடிக் கெடக்கு?" அரை நெற்றியிலிருந்து முழு வாட்டத்தைக் கண்டுபிடிக்க உம்மாவால்தான் முடியும். ஆதிஃப் அதற்கு ஒரு சிரிப்பு பொம்மையை அனுப்பிவைத்தான்.

இரண்டாம் நாள் அரண்மனை. பிளானோவில் விடிந்துகொண்டிருந்தது, அவன் காபியோடு உட்கார்ந்து கூப்பிட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"ரூம் ரூமா இருந்துச்சு."

"ரூமா? புள்ள, அது ஐரோப்பாவோட பெரிய அரண்மனைகள்ல ஒண்ணு."

"ஆமா. நெறைய ரூம்."

"சாப்டியா? பச்சைல போட்ட கடைக்குப் போனியா?"

"பன்னு தின்னேன்." பிறகு அவளே சொன்னாள்: "அந்த அரண்மனைல இருந்த ராணிக்குப் பதினாறு புள்ளைங்களாம் மச்சான்."

"அம்மாடி."

"சிலது சின்னதுலயே போயிருச்சாம். எல்லாத்துக்கும் படம் வரைஞ்சு செவுத்துல மாட்டியிருக்காங்க. போனதையும் சேத்து."

ஒன்றரை வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு அது. ஆதிஃப் அதைக் கவனிக்கவே செய்தான். கவனித்து, பயந்துபோய், கையில் கிடைத்ததை எடுத்து வீசினான். "சரி சரி, லேட் ஆவுது. அடுத்து காபி ஹவுஸ். அங்க சாக்லேட் கேக் சாப்பிடணும், ஆர்டர் பண்ண வேண்டிய பேரு ஷீட்ல இருக்கு."

"சரி மச்சான்."

கேக்கின் படம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒரு வாய்கூடக் கடிபடாத கேக்.

மூன்றாம் நாள் காலை பெல்வெடேர் அருங்காட்சியகம். டிராமில் ஏறி, அந்தப் பேர் உள்ள நிறுத்தத்தில் இறங்க வேண்டும். குழந்தைகூட இறங்கிவிடும் என்று ஷீட்டில் எழுதியிருந்தான். பிறகு 'குழந்தைகூட' என்பதை அடித்துவிட்டு 'யாரும்' என்று மாற்றியிருந்தான்.

அன்று அவள் மதியத்துக்கு மேல்தான் கிளம்பினாள். புள்ளி டிராமில் ஏறியது. பெல்வெடேரை நெருங்கியது. தாண்டியது.

தூங்கிவிட்டாளோ என்று கூப்பிட்டான். எடுக்கவில்லை. புள்ளி தென்கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. கடைகள் தீர்ந்தன, வீடுகள் குறைந்தன. அவன் போட்ட நிறங்கள் ஒன்றுகூட இல்லாத பக்கமாகப் போய், வரைபடத்தில் ஒரு பெரிய பச்சைப் பரப்புக்குள் நுழைந்து, நடந்து, நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

பூங்கா என்று நினைத்தான். பெரிதாக்கிப் பார்த்தான். ஜெர்மன் பேரை மொழிபெயர்க்கக் கொடுத்தான். போன் கொஞ்சமும் முகம் மாறாமல் சொன்னது: மத்திய மயானம்.

அதே நேரம் ஆபீஸ் காலைக்கூட்டம் ஆரம்பித்தது. ஆபீஸிலிருந்து மேனேஜர் எல்லோரையும் வரிசையாகக் கேட்டாள். ஆதிஃப் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நேற்று செய்தது, இன்று செய்யப்போவது எல்லாம் ஒப்பித்தான். தடை ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லை, எல்லாம் ஸ்மூத்," என்று இங்கிலீஷில் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் ஹஃப்சாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எடுத்தான்.

"ஹஃப்சா! வழி தப்பிட்டியா? நான் சொல்றேன், வெளிய வந்து அதே டிராம்ல—"

"வழி தப்பல மச்சான்."

அவள் கேமராவைத் திருப்பினாள். புல்லில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கல்லறைகள். தொட்டில் அகலம்கூட இல்லாத பூப்பாத்திகள். ஒவ்வொன்றிலும் கலர் காத்தாடி, கரடி பொம்மை, பிளாஸ்டிக் கார். காற்றுக்குக் காத்தாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றின. யாரோ சுவிட்சைப் போட்டது மாதிரி.

"ஹோட்டல் ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுதான் சொல்லுச்சு. பச்சப் புள்ளைங்களுக்குன்னு தனியா இடம் இருக்குன்னு." அவள் குரல் கலங்கவில்லை. "இப்ப ஒரு பொம்பள வந்தா மச்சான். பையிலருந்து துணி எடுத்து அந்தக் காரைத் தொடச்சா. டயரக் கூடத் தொடச்சா. தொடச்சு வெச்சிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுறா. அவ்வளவு சாதாரணமா."

பிறகு, கேமராவைத் தன் பக்கம் திருப்பாமலே, கேட்டாள்.

"நம்ம ரிதா எங்க இருக்கா?"

அவர்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்கு, இறந்தவர்களை அடக்கம் செய்யும் இடத்துக்கு, போவதில்லை. பிளானோவுக்கு வந்த பிறகும் போவதில்லை. ஊரிலிருந்து கொண்டு வந்த எத்தனையோ வழக்கங்களை இங்கே விமான நிலையச் சுங்கச் சோதனையிலேயே விட்டவர்கள், இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். ரிதாவை அடக்கம் செய்தது ஆண்கள். பள்ளிவாசல் கமிட்டி பக்கீர் முகம்மது அங்கிள்தான் எல்லாவற்றையும் முன்னின்று முடித்தார். ஆதிஃப் அவர் சொன்ன இடத்தில் நின்றான், சொன்னபோது மூன்று கைப்பிடி மண் போட்டான். பிறகு அங்கே போகவேயில்லை. போக வேண்டிய வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் ஆபீஸில் ஏதோ ஒன்று அவசரமாக இருந்தது. அவசரம் இல்லாத வெள்ளிகளில் அவனே ஒன்றை உண்டாக்கிக்கொண்டான்.

"நல்ல இடம்தான் புள்ள," என்றான்.

"ஆஸ்பத்திரிலயும் அதான் சொன்னீங்க. மரம் இருக்குன்னீங்க. எனக்குப் பாக்கணும்."

"நீ வந்த உடனே—"

"வந்தா உம்மா வேணாம்பாங்க, நீங்க அப்புறம்பீங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க போயிக் காட்டுங்க. இங்க வெளிச்சம் போக நெறைய நேரம் இருக்கு."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சுங்கச் சாலையில் போனைத் தாங்கியில் வைத்திருந்தான். திரையில் வியன்னாவின் மேகமும் சுற்றுகிற காத்தாடி ஒன்றின் ஓரமும். அவள் போனை வைக்கவில்லை. பிளானோவின் கண்ணாடிக் கட்டடங்கள் தீர்ந்து, கிடங்குகள் தீர்ந்து, வேலி போட்ட வெட்டவெளி வந்தது. ஜூன் மாத வெயில் காலையிலேயே ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. இரண்டு முறை தவறான திருப்பத்தில் திரும்பினான். 

மையவாடியின் கம்பிக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே காய்ந்த புல். பெரியவர்களின் கபர்கள் ஒரு பக்கம். வேலியோரம் சின்னவை, மண் அமுங்கிப்போய், தரையோடு தரையாக. சிலவற்றுக்குக் கல் இருந்தது, பேர் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு தகரத் துண்டு, வெயிலில் எழுத்து வெளுத்துப்போனது.

போனைத் திருப்பிப் பிடித்தான்.

"மரம் எங்க மச்சான்?"

வேலியைத் தாண்டி, அடுத்தவன் நிலத்தில், தூரத்தில் ஒரு மரம் நின்றது. அதைக் காட்டிவிடலாமா என்று யோசித்தான். அதன் கீழே ஏதாவது ஒரு மேட்டைக் காட்டி, இதுதான் என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அவள் அழுவாள், எழுந்து போய் டிராம் ஏறுவாள், ஷீட்டில் மிச்சமிருக்கும் ஊரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சரி மச்சான் என்று சொல்லிக்கொண்டே மீதிக் காலத்தையும் ஓட்டிவிடுவாள்.

"மரம் இல்ல," என்றான்.



"எது நம்மளது?"

"தெரியல ஹஃப்சா." சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கு நான் எதையும் பாக்கல. மண்ணப் போடச் சொன்னாங்க, போட்டேன். அப்புறம் வரவேயில்ல. ஒரு தடவகூட. கல்லு வெக்கல. பக்கீர் அங்கிளுக்குத் தெரிஞ்சிருக்கும், இரு, அவருக்குப் போன் பண்ணி—"

"அவரக் கேக்காதீங்க."

அவள் முகம் திரைக்கு வந்தது. மூன்று நாளில் முதல் முறையாக முழு முகம். கோபமாக இருந்தாள். ஆதிஃப் இந்தக் கோபத்தை மறந்தே போயிருந்தான். கறிக்கு உப்பு கூடிவிட்டது என்று அவன் சொன்னால், அவன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால், முன்பெல்லாம் வருமே, அந்தப் பழைய கோபம். அவள் அழுதுகொண்டும் இருந்தாள்.

"என்ன மனுசன்யா நீங்க? எம்புள்ளைய எங்கயோ வெச்சிட்டு, எங்கன்னு தெரியலங்கறீங்க. எனக்கு மட்டும் மஞ்சள் கலர்ல கக்கூஸ் எங்க இருக்குன்னு எழுதித் தர்றீங்க."

"ஆமா," என்றான்.

"ஆமாவா?"

"ஆமா புள்ள."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ ஜெர்மனில் மெதுவாக ஏதோ கேட்டார்கள், தலையசைத்து அனுப்பினாள். பிறகு போனை மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

"தகரத்துல எழுத்து தெரியுதா?"

"லேசா."

"உக்காந்து பாருங்க. ஒவ்வொண்ணா. எனக்கும் காட்டுங்க. எத்தன நேரமானாலும் சரி, நான் வெக்க மாட்டேன்." அவன் குனிந்தபோது மறுபடி சொன்னாள், "தலையில எதையாச்சும் கட்டுங்க. வெயிலு."

அவன் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு வேலியோரம் மண்டியிட்டான். முதல் தகரத்தின் மண்ணைச் சட்டைக் கையால் துடைத்து, அதில் இருந்ததைச் சத்தமாகப் படித்தான். அது வேறொருவரின் குழந்தை.

"அடுத்தது," என்றாள் ஹஃப்சா.