மூடாமல் விட்ட அடைப்புக்குறி

மார்ச் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் பெய்த மழை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் வானம் மூட்டமாகவே இருந்தது.

கண்ணாடிக் கடையின் மாடியிலிருந்த சிற்றறையில் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து தொழில் நடத்திவந்தனர். வீடு கட்டுவோர் கேட்கும் அளவுக்கேற்பச் சன்னல்களைக் கணினியே வரைந்து தருவதற்கான நிரல்களை எழுதுவது அவர்களுடைய வேலை. அந்த நிரல்மொழியில் எதைச் சொல்வதானாலும் அடைப்புக்குறிக்குள்தான் சொல்லவேண்டும். ஓர் அடைப்புக்குள் இன்னோர் அடைப்பு, அதற்குள் மற்றொன்று என அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் அத்தனையையும் மூடவேண்டும். ஒன்று குறைந்தாலும் சன்னல் வராது.

அன்று நாத்தனார் தோள்பையைக்கூட இறக்காமல் அண்ணியின் கணினி முன் அமர்ந்தாள்.

“என்னடி வாலு, வந்ததும் வராததுமா என் எடத்தைப் பிடிச்சுக்கிட்டே?”

“எடிட்டர்ல ஒரு ப்ளகின் போடறேன் அண்ணி. நீங்க திறக்கற பிராக்கெட்டை எல்லாம் அதுவே மூடிடும். எண்ணவே வேணாம்.”

“எண்ணத்தான் நீ இருக்கியே.”

நாத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விசைகளைத் தட்டினாள். அண்ணிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பெரிய நிறுவனம் ஒன்று நாத்தனாரை வேலைக்கு அழைத்திருந்தது. அன்று மாலைக்குள் அவள் பதில் சொல்லியாகவேண்டும். அதைப் பற்றி இருவரும் வாய் திறக்காமலே நாள்களைக் கடத்தியிருந்தனர். அவள் போய்விட்டால் தன்னால் தனியாகச் சமாளிக்க முடியுமா என்ற கவலை அண்ணியை அரித்துக்கொண்டிருந்தது. தன்னை நினைத்துத்தான் அவள் தயங்குகிறாள் என்பதும் அண்ணிக்குத் தெரியாததன்று.

தொடங்கிய காலத்தில் அந்த அறையில் ஒரே கணினி, ஒரே நாற்காலி. அண்ணி தட்டச்சு செய்வாள். படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்த நாத்தனார், அருகில் ஒரு ஸ்டூலில் ஒட்டிக்கொண்டு, திறக்கும் குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவாள். மூடும்போது ஒவ்வொன்றாக நீட்டுவாள். “ஒண்ணு… ரெண்டு… மூணு…” என்று அவள் குரல் படி வழியே இறங்கும். கீழே கண்ணாடி வெட்டுபவர் அண்ணாந்து பார்த்து, “என்னம்மா, மேல ஏலம் போடறீங்களா? என் பேருலயும் ஒண்ணு கேளுங்க,” என்பார். பத்து விரலும் தீர்ந்துவிட்டால் நாத்தனார் அண்ணியின் இடக்கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அண்ணி ஒற்றைக் கையால் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ப்ளகின் என்று அவள் சொன்ன அந்தச் செருகுநிரல் நிறுவப்பட்டது. முந்தைய நாள் எழுதிய கோப்பைத் திறந்தவுடன் அது முரண்டு பிடித்தது. இந்தக் கோப்பில் அடைப்புகள் சரியாக இல்லை, ஆகவே இயங்கமாட்டேன் என்று திரையின் அடியில் ஒரு வரி தோன்றியது.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அவர்களுக்குள் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. மாலையில் முதலில் புறப்படுபவர், நிரலில் எங்கேனும் ஓர் அடைப்பை மூடாமல் விட்டுச் செல்வார். மறுநாள் அவரே வந்து மூடும்வரை நிரல் ஓடாது. ஒருமுறை நாத்தனார் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பாதி எழுதிய சன்னலை அண்ணி தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டாள். அந்தக் கோபத்தில் நாத்தனார் கொண்டுவந்த ஏற்பாடு அது. நேற்று முதலில் புறப்பட்டவளும் அவளே.

“எங்கடி விட்டே?”

“ஞாபகம் இல்ல அண்ணி.”

“ஞாபகம் இல்லையா? மூளையை எங்க அடகு வெச்சே?”

“நேத்து எனக்கு எதுலயும் மனசு ஓடல.”

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். நாத்தனார் வரிவரியாகக் கீழே நகர்த்த, அண்ணி விரல் மடக்கினாள். இருவர் குரலும் ஒன்றாக எழுந்தது. சிறிது நேரத்தில் கீழிருந்து, “ஏலம் மறுபடி ஆரம்பிச்சாச்சா?” என்ற கேள்வி வந்தது. இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

சன்னலின் கீல்களை வரையும் பகுதியில் அது அகப்பட்டது. நாத்தனாரின் விரல் விசைமேல் நின்றது, அழுத்தவில்லை.

“நீங்களே மூடுங்க அண்ணி.”

“விட்டவதான் மூடணும். நீ வெச்ச ஏற்பாடுதானே?”

“மூடிட்டா ஓடிடும். அப்புறம் நான் இல்லாமயே எல்லாம்…”

“ஓடணும்னுதானே எழுதறோம்.”

“உங்களால தனியா முடியுமா?”

அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “முடியாதுன்னு சொன்னா நீ இருந்துடுவே. அதனால சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் திண்டாடுவேன். அது என் பாடு.”

நாத்தனார் விசையை அழுத்தினாள். செருகுநிரல் மறுப்பின்றி இயங்கத் தொடங்கியது.

மதியத்துக்குப் பின் அண்ணி தன் நாற்காலியில் அமர்ந்து, மேலே வளைவு வைத்த புதிய சன்னல் ஒன்றுக்கு நிரல் எழுதினாள். ஓர் அடைப்பைத் திறந்தவுடன் அதன் இணை தானாக வந்து நின்றது. இருந்தும் பழகிய விரல் மூடும் விசையைத் தேடிப் போய் அழுத்தியது. செருகுநிரலோ இன்னொன்றைச் சேர்க்காமல், திரையில் அவள் எழுதும் இடத்தை இருந்த குறிக்கு அப்பால் நகர்த்தியது. நாத்தனார் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். அவள் உதடுகள் மட்டும் ஓசையின்றி எண்ணிக்கொண்டிருந்தன. சன்னல் பிசகில்லாமல் வந்தது. வளைவு மட்டும் சற்றுத் தட்டையாக இருந்தது. அதை அண்ணியே கண்டுபிடித்துத் திருத்தினாள்.

பின்னர் நாத்தனார் கைப்பேசியில் பதிலை எழுதி, அண்ணியிடம் நீட்டினாள்.

“‘பணிவுடன் ஏற்கிறேன்’ எதுக்குடி? அவங்க என்ன பிச்சையா போடறாங்க? ‘மகிழ்ச்சியுடன்’னு போடு.”

“மகிழ்ச்சியா இல்லையே அண்ணி.”

“வரும். போட்டு வை.”

அவள் அந்தச் சொல்லை மாற்றி அனுப்பியபோது மாலை மணி ஐந்து பத்து.