கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கருவி

வேங்கிக்கால் பக்கம் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் இன்குபேஷன் சென்டரில், புதுத் தொழில் தொடங்க வந்த ஓவியாவுக்கு எல்லாம் கிடைத்தது. மேசை, இன்டர்நெட், ஆலோசகர்கள், மேடையேறிப் பேசப் பயிற்சி, மாதத்துக்கொரு பொன்னாடை. ஆனால் அவள் செய்த கருவி மட்டும் இப்போது அவள் கைக்குக் கிடைக்கவில்லை.

வேர்க்கடலையை உடைக்காமலே அதில் எவ்வளவு ஈரம் என்று சொல்லும் கருவி அது. வியாபாரி ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு "ஈரம் ஜாஸ்தி" என்று விலையைக் குறைக்கிற அக்கிரமத்தைப் பார்த்து வயிறெரிந்து செய்தது. பிடுங்கிய கையோடு தொடங்கி, காய்ந்து முடியும்வரை வயலிலேயே சோதித்தால்தான் அது சரியாகச் சொல்கிறதா என்று தெரியும். அந்தச் சோதனை அறிக்கை இல்லாமல் எந்தக் கம்பெனிக்காரனும் தயாரிக்க முன்வர மாட்டான். மார்கழியோடு சென்டரில் அவளுடைய இடமும் முடிகிறது.

அறுவடையோ இந்த வாரம். கருவியோ திங்கட்கிழமையிலிருந்து வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

"வெள்ளிக்கிழம சென்னையிலேர்ந்து ஆய்வுக் குழு வருதும்மா. வேலை செய்யற மெஷின் உன்னுது ஒண்ணுதான்" என்றார் மேலாளர் சக்கரவர்த்தி. "அவங்க பாத்துட்டா அன்னைக்கே எடுத்துனு போ."

அவரையும் சும்மா சொல்லக் கூடாது. குழு முகம் சுளித்தால் சென்டருக்கே பூட்டு, அவர் வேலைக்கும் வேட்டு.

கீழ்பென்னாத்தூரில் தாய்மாமன் காசி, எல்லாக் கடலையையும் (அவர் வாயில் அது மல்லாட்டை) பிடுங்கிவிட்டு, ஓவியாவுக்காக மட்டும் அரைக்காணியை விட்டுவைத்திருந்தார். "சனிக்கிழம வந்துடு கண்ணு. மழ வேற பேஞ்சினு கீது, ரொம்ப நாளு தாங்காது" என்றார் போனில்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. இந்த ஊரில் காதுகுத்துக்குக்கூட பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்காமல் நாள் குறிக்க மாட்டார்கள். சக்கரவர்த்தி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் சென்னை அதிகாரி தேதி சொன்னபோது, "அன்னைக்கு வேணாங்க சார்" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெரிய இடமாயிற்றே! கிரிவலக் கூட்டத்தில் மாட்டி, குழுவின் கார் ஊருக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போனது. ஆய்வு புதன்கிழமைக்குத் தள்ளிப் போயிற்று.

"நாலு நாளு குடுங்க சார். செவ்வாய்க்கிழம கொண்டாந்து வெச்சிடறேன்."

"வயல்ல எதனா ஆயிட்டா நான் என்னத்தக் காட்டுவேன், சொல்லு?"

சண்டை போட ஓவியாவுக்குத் தெம்பில்லை. பதினெட்டு மாதமாக எதற்கும் அனுமதி கேட்டுக் கேட்டே சலித்துப்போன பெண் அவள். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை காலை காசி கூப்பிட்டார். "மல்லாட்ட மண்ணுக்குள்ளயே மொளச்சிடுச்சு கண்ணு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத, மாட்டுக்கு ஆவும்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. அதிகாரி கண்ணாடி வழியே கருவியை எட்டிப் பார்த்தார். "பிரமாதம்! வயல்ல டெஸ்ட் பண்ணியாச்சா?"

"ஆச்சுங்க சார்" என்று முந்திக்கொண்ட சக்கரவர்த்தி, ஓவியாவைக் கெஞ்சலாகப் பார்த்தார்.

தலையாட்டினால் இன்னொரு வருடம் இடம் கிடைக்கலாம். அந்த வருடமும் இதே பெட்டிதான். அவளுக்கு அலுத்துவிட்டது.

"இல்ல சார். பத்து நாளா இது இந்தப் பெட்டிய வுட்டு வெளிய வரல. எங்க மாமா எனக்காக வுட்டுவெச்ச மல்லாட்ட மொளச்சிப் போச்சு. அடுத்த வெளச்சல் சித்திரையிலதான். அப்போ நான் இங்க இருக்க மாட்டேன்."

சக்கரவர்த்தி தரையைப் பார்த்தார். அதிகாரியின் முகமோ மலர்ந்தது.

"என்ன தெளிவா பேசுது பாருங்க இந்தப் பொண்ணு! அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல கண்காட்சி இருக்கு. மெஷின இப்படியே பெட்டியோட அனுப்பி வெச்சிடுங்க."

"சரிங்க சார்" என்றார் சக்கரவர்த்தி.