ஞாபகத்திலிருந்து ஒரு முகம்

"சுவர்ல பிரின்ட் படம் வேண்டாம்டீ மது. வர்றவங்க நகத்தால சுரண்டிப் பார்க்குறாங்க. போன மாசம் வந்த ஒருத்தி, இதே படம் எங்க பல் டாக்டர்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டுப் போனா. சாயா தொண்டையில இறங்கலை எனக்கு" என்றாள் ஷபானா.

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை ஷபானா விடுதியாக்கியிருந்தாள். திரைச்சீலை முதல் விளக்கு வரை அறைகளுக்கு வேண்டியதைத் தேடி வாங்குவது, அவளை இத்தா என்று அக்கா முறையில் கூப்பிடும் மதுவந்தியின் வேலை. பேர் பெற்றவர்களின் ஓவியங்கள் விற்கும் விலை விடுதிக்குத் தாங்காது. ஆனால் தனியாக வரைகிறவர்கள் தங்கள் படங்களைத் தாங்களே விற்கிற இணையதளம் ஒன்று இருந்தது. விலை கைக்கு அடக்கம். எல்லாமே அசல், இன்னொரு பிரதி கிடையாது. ஆலுவாக்காரி ஒருத்தி மொட்டைமாடித் துணிக்கொடிகளையே வரைந்து தள்ளியிருந்தாள். கடைகளில் காணாத இந்த மாதிரி மனிதர்களைக் கண்டுபிடிப்பது மதுவந்திக்குப் பிடித்திருந்தது.

அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், திரையில் தன் முதுகைக் கண்டாள்.

நீல நைட்டி. வலது தோளில் தையல் விட்ட இடத்தில் ஒரு ஊக்கு. ஈரம் உலராத முடி. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண். கீழே ஓவியரின் குறிப்பு: "மட்டாஞ்சேரி ஜன்னல் ஒன்றில் கண்ட முகம் தெரியாத பெண். மழைக்காகக் காத்திருந்தாள்."

ஓவியர் சுதர்ஷன். அன்றைக்கு அவள் கணவன். இப்போது இடப்பள்ளியில் வேறு வீடு, வேறு வாழ்க்கை.

அந்த ஊக்கைக் குத்தியது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காலையில். ஐந்தாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போயிருந்தது. அந்த வாரமெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பின்னால் கட்டிலில் அவன் இருந்தான். ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைத்திருந்தாள். ஒரு தடவையாவது எழுந்து முன்னால் வந்து நிற்பான் என்று காத்திருந்தாள். மழைக்கல்ல.

படம் மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். நன்றாக இருந்தது. கழுத்தெலும்பின் ஓரம் விழுந்த வெளிச்சம்கூடச் சரியாக இருந்தது. இவ்வளவு உற்றுப் பார்த்தவனுக்கு ஒரு கையை நீட்டத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்குள் சுருக்கென்று ஏறி, இறங்காமல் நின்றது.

விடுதியின் பேரில் உடனே வாங்கினாள். படம் வந்ததும் அதை வெட்டிப்போடக் கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "போட்ட அன்றே வாங்கிவிட்டீர்கள். இந்தப் பெண்ணை யாரும் விரும்பமாட்டார்கள் என்று பயந்திருந்தேன். நீங்கள் கொடுத்த தைரியத்தில் மீதியையும் வெளியிடுகிறேன்."

தளத்தில் மூன்று புதிய முதுகுகள் இருந்தன. ஒழித்துக்கட்ட வாங்கியதை அவன் ரசனை என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

ஷபானா மேஜைமேல் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அடிபொளி, பிரமாதம். இதை வரவேற்பறையில மாட்டலாம்டீ" என்றாள்.

"அது நானாக்கும், இத்தா."

ஷபானா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேளு."

"கேட்டா அவன் சாரின்னு சொல்லுவன். சொல்லிட்டு நன்னாத் தூங்குவன்."

தளத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. வாங்குகிறவர் தமக்கென்று ஒரு படம் வரையச் சொல்லலாம். ஓவியர் முதலில் பென்சில் கோட்டில் அனுப்புவார்; பிடிக்காவிட்டால் 'திருத்தம் தேவை' என்று திருப்பலாம். மதுவந்தி எழுதினாள்: "அதே பெண். அதே ஜன்னல். இந்த முறை திரும்பி உங்களைப் பார்க்கிறாள். முகம் வேண்டும்."

முதல் முகம் காலண்டர் முகம். பெரிய கண்கள், கன்னத்தில் ஒரு துளி. திருத்தம் தேவை. இரண்டாவதில் மூக்கு யாருடையதோ. திருத்தம் தேவை. மூன்றாவதோடு அவன் கேட்டான்: "மாதிரிக்கு ஒரு போட்டோ இருந்தால் நல்லது."

"நீங்கள் நேரில் கண்ட பெண்தானே? ஞாபகத்திலிருந்து வரையுங்கள்."

"நான் முதுகை மட்டும்தான் பார்த்தேன்."

"அவள் திரும்பவே இல்லையா? நீங்களும் எழுந்து போகவில்லையா?"

மறுநாள் விடுதித் தொலைபேசி அடித்தது. மதுவந்திதான் எடுத்தாள். அவள் "ஹலோ" என்றதும் சுதர்ஷன் குரலை அடையாளம் கண்டுகொண்டான்.

"மதுவா?"

"ஆமா."

"நீயாக்கும்னு தெரியாது. அந்த வாரம் என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியலை மது. கையில பென்சில்தான் இருந்தது."

"எனக்குப் பின்னாடி எத்தனை தூரத்துல உக்காந்திருந்தே?"

"கட்டில்ல. கிட்டத்தான்."

"கை நீட்டினா எட்டுமா?"

"எட்டும்" என்றான். பிறகு அவசரமாகச் சொன்னான்: "எல்லாத்தையும் எடுத்துடறேன். உனக்கே அனுப்பித் தந்துடறேன். ஒரு தடவை வந்து உன்னைப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம். படத்தைக் கேட்டிருக்கேன், அதை வரை."

"எப்படி வரைவேன் மது? முகம் வரமாட்டேங்கறதே."

"அது உன் பாடு."

மூன்று முதுகுகளும் அன்றே தளத்திலிருந்து மறைந்தன. இதோடு போதும், நீ ஜெயித்தாயிற்று என்றாள் ஷபானா. போதவில்லை. அவள் ஒரு வாரம் சுமந்து உட்கார்ந்திருந்த முகம் அது. அதைத் தேடி இப்போது அவன் இடப்பள்ளியில் வெள்ளைத் தாளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அந்த நினைப்பு அவள் நாவில் தித்தித்தது. தித்திப்பதை நினைத்து அவள் வெட்கப்படவும் இல்லை.

முகங்கள் வந்துகொண்டே இருந்தன. கல்யாண ஆல்பத்து முகம். கோபித்துக்கொண்ட முகம். வைட்டிலா பஸ் நிலையத்தில் கடைசியாகப் பிரிந்தபோது இருந்த முகம். எதுவும் அந்த வாரத்து முகமல்ல. ஒவ்வொன்றையும் திருப்பினாள். அவன் காரணம் கேட்பதை விட்டுவிட்டான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒன்று வந்தது. உதடு வெடித்து, கண்ணுக்குக் கீழே தோல் காகிதம்போலச் சுருங்கி, அழுது தீர்ந்துபோன ஒருத்தி. யாரையும் குற்றம் சொல்லாமல், வருவாயா என்று மட்டும் பார்க்கிறாள். அந்தப் பார்வையை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று மதுவந்திக்குத் தெரியவில்லை. பார்க்காததை ஒருவன் இவ்வளவு சரியாக வரைய வேண்டுமானால் எத்தனை நாள் மனதால் அந்தக் கட்டிலில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

அவளேதான் அது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'திருத்தம் தேவை' என்பதை அழுத்தினாள்.