துரையின் பசி

அறுவை சிகிச்சைக்கு முன்னால் முயலின் பசியை வெளியே எடுத்து, ஒரு தூக்குவாளியில் போட்டு நம் கையில் கொடுத்துவிடுவார்கள். பசி உள்ளே இருந்தால் அது தையல் நூலைத் தின்றுவிடும். எங்கள் துரைக்குச் சிறுநீர்ப்பையில் கல். செவ்வாய்க்கிழமை காலை முதலில் பசியை எடுத்தார்கள், பிறகு கல்லை எடுத்தார்கள். மதியம் துரையை அட்டைப்பெட்டியிலும் பசியைத் தூக்குவாளியிலுமாக ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தூக்குவாளி என் மடியில் இருந்தது. கனம் என்றால் நல்ல கனம். ஒன்றரைக் கிலோ முயலுக்கு இவ்வளவு பசியா என்று என் வீட்டுக்காரர் தெய்வேந்திரன் கேட்டார். எந்நேரமும் மென்றுகொண்டிருக்கிற ஜீவனுக்கு வேறு எப்படி இருக்கும் என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்து துரையின் மூக்கருகே வைத்தால் பசி தானாக உள்ளே போய்விடும். அதுவரை புல்தூளைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வலிக்கு இரண்டு வேளை மருந்து. பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். ஐந்தாம் நாள் சாயங்காலத்துக்குள் பசி உள்ளே போகவில்லை என்றால் குடல் நின்றுவிடும், அதற்கப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார் டாக்டரம்மா. அவர் எதையும் இரண்டாம் தடவை சொல்கிறவர் இல்லை.

நான் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிறவள். ஐந்து நாள் லீவு போட்டேன். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள்தான் போட்டேன். இதை என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்காட்டவில்லை, என்றைக்காவது சொல்வார். சொல்லட்டும். காலையில் நான் அடுப்படிக்குள் நுழைந்தால் என் கால் விரலை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துரை நகருவான். எங்கள் வீட்டில் தினமும் என்னை விசாரிக்கிற ஆள் அவன் ஒருவன்தான்.

எதிர்வீட்டில் ரூபாவதி அக்கா இருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன் அவள் மகன் ஜெயசீலன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அன்றிலிருந்து அக்கா சாப்பிடுவதில்லை. இரண்டு வேளை காபி, அவ்வளவுதான். ஆனால் மகனுக்கும் சேர்த்துச் சமைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. சமைத்தது முழுவதும் எங்களுக்குத்தான் வரும். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் காம்பவுண்டில் வழக்கமில்லை. நாலு பழமோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்போம். அதையும் அவள் தின்னமாட்டாள், மறுநாள் வேறொரு பாத்திரத்தில் எங்களுக்கே வந்து சேரும்.

வியாழக்கிழமை காலையில் அடுப்படி மேடையில் இரண்டு தூக்குவாளிகள் இருந்தன. ஒன்றில் பசி. இன்னொன்று அக்கா ரசம் கொடுத்தனுப்பியது, கழுவி உள்ளே வெல்லம் போட்டு வைத்திருந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து எதிர்வீட்டில் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொல்லாமல் அவராகச் செய்த முதல் வேலை அது.

நான் ஈரத்தலையோடு உட்கார்ந்து துரையின் மூக்கருகே மூடியைத் திறந்தேன். உள்ளே வெல்லம் இருந்தது. துரை அதை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒரு கட்டு மல்லித்தழையை வேரோடு தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தூக்குவாளி திறந்து கிடந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் மறுக்கவே இல்லை. "ஐயோ, துரையோடதா. இந்தா, இதைத் தின்னுட்டுத் தந்துடறேன்" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். வயிறு நிறைந்ததும் தூக்குவாளிக்குள் ஒரு தடவை ஊதச் சொல்லுங்கள், பசி இறங்கிவிடும் என்றார். அந்த வயிறு எப்போது நிறையும்? முயலின் பசி, அதற்கு நிறுத்தம் கிடையாது. அக்கா மல்லி முடிந்து முருங்கைக்கு வந்தாள், முருங்கை முடிந்து காரட்டை இலையோடு தின்றாள். மதியம் போய்க் கேட்டேன், இதோ முடிந்தது என்றாள். சாயங்காலமும் அதையேதான் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை, உண்மையாகவே முடிக்கப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே கதவைத் தட்டிக்கொண்டு வந்து துரையைப் பார்த்தாள். உள்ளே போன பசி தன் சொந்தக்காரனைத் தினம் ஒரு தடவை பார்க்காமல் இருக்காது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, இளைத்துவிட்டானே என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

துரை புதன்கிழமை பதினோரு புழுக்கை போட்டான், வியாழக்கிழமை நாலு. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. காது இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான். சிரிஞ்சில் கொடுத்தது பாதி தாடை வழியாக வழிந்தது. பசி இல்லாத வயிற்றுக்கு ஊட்டுவது, ஆள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டுக்குக் கடிதம் போடுவது போலத்தான். என் பசியை எடுத்து அவனுக்குப் போடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். மனுஷப் பசியை அந்த வயிறு தாங்காது, கிழிந்துவிடும் என்றார். ஒரே ஒரு வழி இருக்கிறது, அந்த அம்மாவின் தட்டைப் பிடுங்கி ஒரு மணி நேரம் பட்டினி போடுங்கள், பசி கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்றார்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். கதவை உள்ளே தாழ்போட்டேன். அக்கா அகத்திக்கீரையைப் பச்சையாகத் தின்றுகொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினாள். நான் தட்டின் விளிம்பைப் பிடித்தேன்.

"சந்தனம், இந்தக் கீரை கசக்குது" என்றாள் என்னைப் பார்த்து. "எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் எனக்கு ஒண்ணு கசக்குது."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, வாய் மென்றுகொண்டே இருந்தது. கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அந்த நிமிஷம் எனக்கு அவளைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. ஆனால் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்தரை மணிக்கு என் மடியில் துரை செத்துப்போனான். ஒரு தடவை காலை நீட்டினான், அவ்வளவுதான். நான் சத்தம் போட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பசிக்குத் தெரியக் கூடாது என்றார். சொந்தக்காரன் போய்விட்டான் என்று தெரிந்தால் அதுவும் கிளம்பிவிடும். அப்புறம் அந்த அம்மாவுக்குக் காபிகூட இறங்காது, பத்து நாள் தாங்குவார், மிஞ்சினால் பதினைந்து. எவ்வளவு காலம் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மா சாப்பிட வேண்டிய காலம் வரைக்கும் என்றார்.

இருட்டுவதற்கு முன் துரையைப் பின்பக்கம் பப்பாளி மரத்தடியில் புதைத்தோம். குழியை நானே வெட்டினேன். மண்ணைத் தள்ளும்போது, இவ்வளவும் செய்துவிட்டு அவளையும் சாகக் கொடுத்தால் நான் எதற்காகத் தட்டை விட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நான் கொடுத்ததுதானே, நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சீக்கிரம் எழுந்து முகம் மழித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டிவி மேல் வைத்தார். துரையின் அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு உள்ளே இறங்கி, முழங்காலை மடக்கிப் படுத்தார். இடம் சரியாக இருந்தது. குளிர்கிறதா என்று கேட்டேன். வெந்நீர் பாட்டிலை வயிற்றோரமாக வைத்தேன்.

ஏழரைக்கு அக்கா வந்தாள். கையில் பாதி தின்ற காரட். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விரலால் அவர் காதுக்குப் பின்னால் ரொம்ப நேரம் தடவிக்கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பரவால்ல, தேறிட்டான்" என்றாள். "மூக்கு ஆடுது பாரு."

எனக்குப் பசிக்குது என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். அவள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் ஒரு பிடி புல்லை எடுத்து அவர் வாயருகே வைத்தேன். முகர்ந்து பார்த்தார். பிறகு தின்ன ஆரம்பித்தார்.