மூச்சு வாங்காத வாய்

"நீ எடுக்கலன்னா… வெறகுக் கட்டைக்குக் கால் மொளச்சு… ஒன் அடுப்புக்கு நடந்துச்சாக்கும்…"

"எடுக்கவே இல்லக்கா, ஒன் மறதிக்கு நான் என்ன…"

"எனக்கா மறதி? எம் புருசன்… பெரட்டு முடிஞ்சு… வரட்டும்டி…"

இராசம்மா கிழவியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பவளத்தின் புருஷன் செத்து ஒன்பது வருஷம். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் எந்தப் பெரட்டிலிருந்து வருவான்?

ஒரே தோட்ட லயத்தில், நடுவே ஒரு பலகைச் சுவரை வைத்துக்கொண்டு, இருபது வருஷமாக இந்தக் கிழவியோடு மல்லுக்கட்டுகிறாள். இந்நேரம் பேச்சு இராசம்மாவின் அம்மா வீட்டுச் சீர்வரை போயிருக்க வேண்டும். இன்றோ மூன்று சொல்லுக்கு ஒருதரம் நிலைப்படியைப் பிடித்து மூச்சு வாங்குகிறாள் பவளம்.

இராசம்மாவின் புருஷன் பழனியப்பன் வந்து கிழவியின் நெற்றியைத் தொட்டான். சில்லென்றிருந்தது. காய்ச்சல் இல்லை, மலைக்குளிர்தான், கம்பளியைப் போர்த்திவிடு என்றான்.

"இந்தக்கா வாய் நடுவுல மூச்சு வாங்கி நீங்க பாத்திருக்கீங்களா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும், போய் கோஸ் ஏத்துற லோரிய நிறுத்துங்க லா."

கம்பளி எடுக்கப் போனவள் கட்டிலுக்கடியில் கண்டாள். காணாமல்போன தேயிலைச் செடி விறகுக் கட்டைகள் அத்தனையும் சாக்கு மூடிக் கிடந்தன. பவளமே பத்திரப்படுத்தி மறந்திருக்கிறாள். குத்திக்காட்டலாம், கேட்கிற நிலையில் ஆள் இல்லை.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நிமோனியா என்றார். குளிர் செய்த வேலை இல்லை, கிருமி. நுரையீரலில் காற்று நிற்க வேண்டிய இடத்தில் சளியும் நீரும் கட்டியிருக்கிறது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரும், புத்தி தடுமாறும், மூச்சு இரைக்கும். பிழைப்பாளா என்று கேட்டாள் இராசம்மா. எழுபது வயசு, அத்தனை வருஷ அடுப்புப் புகை, உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார். ஆனாலும் தாமதிக்காமல் கொண்டுவந்தது நல்லது. ஊசிக்குக் கேட்டால் தேறிவிடுவார், அசதி மட்டும் சில வாரம் இருக்கும்.

பவளத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வசவுகூட வரவில்லை. இராசம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கட்டைகளில் நாலை எடுத்து எரித்துக் கஞ்சி காய்ச்சி, தூக்குச்சட்டியோடு பஸ் ஏறினாள். பவளம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். இராசம்மா கண்ணை மூடி, கிழவியின் பேச்சு எந்த இடத்தில் மூச்சு வாங்கி அறுபடுமோ என்று காதை மட்டும் தீட்டிக்கொண்டாள்.

"எங்கட்டைய எரிச்சுக் காய்ச்சினதாலதான்டி கஞ்சி இவ்வளவு ருசியா இருக்கு, இல்லன்னா ஒன் கைக்கு ஏதுடி ருசி."